எட்டு நாள் பூட்டும் ஆயுள் நோன்பும்

பகவான் மகாவீரரின் பிறந்தநாள் நெருங்கும்போது ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவருகிறது. நாளிதழின் உட்பக்கத்தில் சிறு கட்டமாக அச்சாகும் அச்செய்தியை நம்மில் பலர் கூர்ந்து படிப்பதில்லை. மகாவீரர் ஜயந்தியை முன்னிட்டு மாவட்டத்திலுள்ள மதுபானச் சில்லறை விற்பனைக் கடைகளும், அவற்றை ஒட்டிய மதுக்கூடங்களும், உரிமம் பெற்ற விடுதிகளிலும் மன்றங்களிலும் உள்ள மதுக்கூடங்களும் அன்று ஒருநாள் மூடப்பட்டிருக்கும் என்பதும், மீறி விற்போர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்பதுமே அதன் சாரம்.

இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயர் மதுபான விற்பனை விதியொன்றில் இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமையா, அன்றி நம்மை நோக்கி எழுப்பப்பெறும் வினாவா? இவ்விழா மலரில் அதனை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயத் தூண்டியவர் அறிஞர் ஒருவர் அல்லர். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன்.

நாள்காட்டியில் எட்டு வட்டங்கள்

அடியேன் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள், பொன்னேரி வட்டத்தில் காட்டுப்பள்ளிக்கு அணித்தாக உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் தெற்கே எண்ணூர்க் கழிமுகமும் வடக்கே பழவேற்காட்டு ஏரியும் சூழ்ந்த நீண்ட மணல்திட்டு அது. வலையும் படகுமாக வாழ்ந்த அந்நெய்தல் நிலம், அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், கப்பல் கட்டும் தளம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த பெருந்தொழில்களால் ஒரு தலைமுறைக்குள் முற்றிலும் மாறிவிட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை இன்று ஒரே தொழில்மண்டலம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அச்சாலைகளில் வாரக்கூலி பெறுவோரின் சனிக்கிழமை மாலை எவ்வாறு கழியும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒருநாள் என் வகுப்பு மாணவன் ஒருவனது புத்தகப் பையிலிருந்து ஒரு சிறு நாள்காட்டி விழுந்தது. அதில் எட்டுத் தேதிகள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. பிறந்தநாள்களோ என எண்ணி வினவினேன்.

“அந்த எட்டு நாளும் கடை இல்லீங்க ஐயா. அப்பா வீட்லயே இருப்பாரு. அம்மா மீன் கொழம்பு வைக்கும்” என்றான்.

திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வடலூர் இராமலிங்க அடிகளின் நினைவு நாள், மகாவீரர் ஜயந்தி, மே தினம், விடுதலை நாள், மீலாது நபி, காந்தி ஜயந்தி. எட்டையும் வரிசை பிறழாமல் ஒப்பித்துவிட்டு அவன் கேட்டான்: “எல்லாரையும் தெரியுமுங்க. இந்த மகாவீரர் யாருங்க ஐயா? கடையை மூட வெச்சவரா?”

அவன் அன்னையின் மீன்குழம்பும் அகிம்சையே வடிவான பெருமானின் பெயரும் ஒரே மூச்சில் வந்தது கண்டு முதலில் நகைத்தேன். பின்னர் அந்நகைப்பு அடங்கிற்று. அக்குழந்தைக்கு மகாவீரர் என்பவர், ஆண்டில் ஒருநாள் தன் தந்தையைத் தெளிந்த கண்களோடு வீட்டுத் திண்ணையில் அமர்த்தித் தருபவர். நான் அறிந்த தோத்திரங்கள் எவற்றினும் அஃது எளிய தோத்திரமாகத் தோன்றிற்று. அன்று அவனுக்கு ஏதோ விடை கூறினேன். நிறைவான விடையைத் தேடித் தொகுத்தது ஓய்வு பெற்ற பின்னரே.

நாள் குறித்து விலக்குதல்

ஆண்டு முழுதும் அனுமதிக்கப்பட்ட ஒன்றைக் குறித்த நாள்களில் மட்டும் விலக்கும் ஆணை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் நாட்டில் அதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று அசோக மாமன்னனின் ஐந்தாம் தூண் கல்வெட்டு. முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின் அவன் வெளியிட்ட அவ்வாணை, கொல்லலாகாத உயிரினங்களைப் பட்டியலிடுவதோடு, சதுர்த்தசி, பௌர்ணமி, அதற்கடுத்த பிரதமை, நோன்பு நாள்கள் ஆகியவற்றில் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாது என விதிக்கிறது. ‘விற்கவும் கூடாது’ என்பது கருதத்தக்கது. கொல்வானை மட்டுமன்றி அங்காடியையும் அரசு கட்டுப்படுத்திய நிகழ்வு அது.

பதினெண் நூற்றாண்டுகள் கழித்து, சுவேதாம்பர ஆசாரியர் ஹீரவிஜய சூரியின் அறவுரையை ஏற்று, பேரரசர் அக்பர் பர்யூஷண நாள்களில் உயிர்க்கொலையைத் தடுத்து ஆணை வழங்கினார். அதற்கு முன்னரே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஹேமசந்திரரின் மாணாக்கனாகிய குஜராத்து வேந்தன் குமாரபாலன் நாள் குறியாமல் ஊனும் மதுவும் சூதும் விலக்கினான் என்று நம் நூல்கள் போற்றும். சில நாள் விலக்கும் முழு விலக்கும் ஆகிய இருவகை முயற்சிகளும் நம் சமய வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவை.

பிற சமயத்தார் நாடுகளிலும் இந்நெறி உண்டு. கி.பி. 321-இல் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கினான். கிறித்தவ நாடுகளில் ஞாயிறன்று மதுக்கடை அடைக்கும் சட்டங்கள் அந்த ஓய்வுநாள் மரபின் கிளைகளே. 1881-இல் வேல்சு நாட்டுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, ஞாயிறுதோறும் அங்குள்ள மதுவிடுதிகளை மூடினர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளில் மது வாங்கிச் செல்லும் உரிமை 2018-இல்தான் வழங்கப்பெற்றது. நம் அண்டை நாடாகிய இலங்கையில் பௌர்ணமிதோறும் வரும் போயா நாளில் மதுவும் ஊனும் விற்கத் தடை இன்றும் நடைமுறையில் உள்ளது. அசோகனின் தூண் சொன்ன முழுநிலா நாளும் இலங்கையின் போயா நாளும் ஒரே மரபின் இரு முனைகள்.

தமிழில் கள்ளும் கள்ளுண்ணாமையும்

நம் மொழியின் நிலை யாது? உண்மையை மறைக்க வேண்டியதில்லை. சங்கச் சான்றோர் கள்ளைப் பழித்தவர் அல்லர். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில், சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடும் அவன் வண்மையே முதற்கண் நினைவுகூரப்படுகிறது. புரவலனும் புலவரும் பாணரும் கூடியுண்ட அவ்வுலகில் கள் விருந்தோம்பலின் அடையாளம்.

அவ்வுலகின் நடுவே கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தை வகுத்தது திருக்குறள். நம் மரபு அந்நூலைப் பொன்னூர் மலையில் தவமியற்றிய ஏலாசாரியரின் அருட்கொடையாகப் போற்றுவதும், பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அக்கருத்தை விரிவாக நிறுவ முயன்றதும் இம்மலரின் வாசகர் அறிந்தவையே. அதனினும் கருதத்தக்கது அவ்வதிகாரத்தின் வைப்புமுறை. புலால் மறுத்தலைத் துறவறவியலில், 26-ஆம் அதிகாரமாக வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93-ஆம் அதிகாரமாக, வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே வைத்தார். குடி ஒருவனது வீடுபேற்றை மட்டும் கெடுப்பதன்று. பொருளையும் குடும்பத்தையும் நாட்டையும் கெடுப்பது என்ற தெளிவு அவ்வைப்பிலேயே அமைந்துள்ளது.

மணிமேகலையில் இன்னொரு காட்சி உண்டு. புகார்த் தெருவில், உறியில் கரகம் தாங்கிவரும் திகம்பர அடிகள் ஒருவரைக் குடிகாரன் ஒருவன் மறிக்கிறான். அடிபணிந்து, கள்ளைப் பருகுமாறு வேண்டுகிறான். அவன் காட்டும் காரணம் வேடிக்கையானது: தென்னை தரும் கள்ளில் உயிர்க்கொலை ஏதுமில்லையே, கொல்லாமை பேணும் தாங்கள் இதை ஏன் மறுக்கவேண்டும் என்கிறான். பௌத்த காப்பியமாகையால் நம் முனிவரை எள்ளும் தொனி அதில் உண்டு. அடிகள் விடை கூறியதாகச் சாத்தனார் பாடவில்லை.

அவ்விடையைப் பிற்காலத்து ஆசாரியர் அமிர்தசந்திரர் தமது புருஷார்த்தசித்தியுபாயத்தில் தருகிறார். மது மனத்தை மயக்கும். மயங்கிய மனம் அறத்தை மறக்கும். அறம் மறந்தவன் அச்சமின்றி இம்சை செய்வான் என்பது அவர் காட்டும் முதற்காரணம். புளித்துப் பொங்கும் மது எண்ணற்ற நுண்ணுயிர்களின் பிறப்பிடம் என்பது அடுத்த காரணம். கள்ளில் கொலை எங்கே என்று புகார்த் தெருவில் கேட்டவனுக்கு, கலத்திலும் உண்டு, உண்டபின் உன் கையிலும் உண்டு என்பதே சைன மறுமொழி.

நியமமும் இயமமும்

சிராவகர்க்குரிய எட்டு மூலகுணங்களை வகுத்த ஆசாரியர் சமந்தபத்திரர், ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றின் விலக்கையும் சேர்த்தார். தமிழ்ச் சைனர் பாராயணம் செய்யும் அருங்கலச்செப்பு அவரது இரத்தினகரண்டகத்தின் வழிவந்தது. ஏழு விசனங்களின் பட்டியலிலும் கள் இடம்பெறுகிறது. இவை நம் சிறார்க்கும் மனப்பாடம்.

அதே இரத்தினகரண்டகத்தில், நுகர்பொருள்களுக்கு வரையறை செய்துகொள்ளும் விரதத்தை விளக்குமிடத்தில், ஆசாரியர் நுட்பமான ஒரு பாகுபாடு செய்கிறார். குறித்த காலத்துக்கு மட்டும் ஒன்றை விலக்குவது நியமம். ஆயுள் முழுமைக்கும் விலக்குவது இயமம். இன்று பகல், இப்பக்கம், இத்திங்கள், இப்பருவம் என எல்லை வகுத்துக்கொண்டு படிப்படியாக மனத்தைப் பழக்குவது நியமத்தின் வழி. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நாம் நோற்கும் உபவாசம் இவ்வகையினது.

எட்டு நாள் மதுக்கடை அடைப்பைப் புரிந்துகொள்ள இதனினும் சிறந்த கருவி எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு இன்று கடைப்பிடிப்பது ஒரு நியமம். முன்பொருகால் அது இயமத்தையே மேற்கொள்ள முயன்றது.

ஒரு மாநிலத்தின் இயமம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் ஆகியவற்றை அரசு வருவாயின் ஊற்றாக முறைப்படுத்திற்று. விடுதலை இயக்கம் அதனை எதிர்த்தது. ஈ.வெ.ரா. சேலத்தை அடுத்த தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் முன்நின்றனர்.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் அது விரிந்தது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு பகுதிகளில் பரவியிருந்த நம் முன்னோரின் ஊர்கள் வட ஆர்க்காட்டில் அடங்கியவை என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். இழந்த வருவாயை ஈடுசெய்ய அவ்வாண்டே கொணரப்பட்டது பொது விற்பனை வரி. இன்று கடையில் நாம் செலுத்தும் வரியின் மூதாதை மதுவிலக்கின் உடன்பிறப்பாகத் தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி.

போர்க்காலத்தில் தளர்ந்த அவ்விலக்கு மீண்டும் உயிர்பெற்று, 1948 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்தபின் வந்த முதற் காந்தி ஜயந்தியன்று, மாகாணம் முழுமைக்கும் விரிவாயிற்று. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவும் மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக ஏற்றது. ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் மாநிலம் முழுவதும் அந்நோன்பு நீடித்தது. கள்ளச்சாராயம் இல்லாமலில்லை, எனினும் தெருமுனையில் கடை இல்லாத ஒரு தலைமுறை வளர்ந்தது. அறுபதைக் கடந்த நம்மில் பலரும் அத்தலைமுறையின் கடைக்கொழுந்துகள்.

1971-இல், நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தொண்ணூற்றிரண்டு வயது முதியவராகிய இராஜாஜி முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று, அதனைக் கைவிடுமாறு வேண்டிக்கொண்டார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1974-இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றி மொத்த விற்பனையை ஏற்றது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-ஆம் நிதியாண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அப்போதிருந்த கடைகள் 4,829.

இவற்றுள் ஒரு முரண் உண்டு. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நீக்கப்படவே இல்லை. இன்றைய மது விற்பனைக்கான விதிகள் அச்சட்டத்தின் கீழேயே இயற்றப்பட்டுள்ளன. விற்பனையைக் கவனிக்கும் துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையே. 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளுள் 12-ஆம் விதியைக் கொண்டே ஆட்சியர்கள் மகாவீரர் ஜயந்தியன்று கடையடைப்பை அறிவிக்கின்றனர். இயமம் பெயரளவில் எஞ்சி நிற்க, நியமம் மட்டும் எட்டு நாளாகச் சுருங்கி உயிர்வாழ்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேண்டுகோளும்

எட்டு நாள் போதுமா, ஞாயிறுதோறும் மூடலாகாதா என்னும் வினா அடிக்கடி எழுகிறது. காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இக்கேள்விக்குத் தனிப்பொருள் உண்டு. சனிக்கிழமை கூலி, ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமை அடுப்பெரியாத வீடு என்னும் சுழற்சி அங்கே கண்கூடு.

கேரளம் இதனை முயன்றது. அங்கு மாதந்தோறும் முதல்நாள் மதுக்கடைகள் மூடப்படுவது பல்லாண்டு வழக்கம். 2014 அக்டோபரில் ஞாயிறுதோறும் அடைக்கும் திட்டத்தை அம்மாநில அரசு கொணர்ந்தது. சுற்றுலாவும் வேலைவாய்ப்பும் பாதிக்கப்படும் என்னும் எதிர்ப்பின் நடுவே, அவ்வாண்டு டிசம்பரிலேயே அதைக் கைவிட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய விதி இல்லை. பெருந்தொற்றின்போது, 2020 ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் ஞாயிறுகளில் முழு ஊரடங்கினால் கடைகள் மூடியிருந்தன. முந்தைய சனிக்கிழமைகளில் அவற்றின் முன் நீண்ட வரிசைகளையும் நாம் பார்த்தோம்.

2024 ஏப்ரலில் நிகழ்ந்தது இன்னும் பொருள் பொதிந்தது. நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவை முன்னிட்டு ஏப்ரல் 17, 18, 19 ஆகிய நாள்களில் கடைகள் அடைபட்டன. வாக்குப்பதிவு முடியும் நேரத்தோடு நிறைவுறும் நாற்பத்தெட்டு மணி நேரம் மது விற்கக்கூடாதென்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. 21-ஆம் நாள் ஞாயிறு. அன்றே மகாவீரர் ஜயந்தி. ஆக ஐந்து நாள்களில் நான்கு நாள் பூட்டு. இடையே சனிக்கிழமை ஒன்று மட்டும் திறப்பு. வாக்களிக்கும் குடிமகன் தெளிந்த மனத்தோடு இருத்தல் வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொள்கிறது. உழைக்கும் குடிமகனும் தந்தையாகிய குடிமகனும் தெளிந்திருக்க வேண்டிய நாள்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை.

பூட்டின் எல்லை

வேல்சு நாட்டுச் சட்டத்தின் கதையை முன்னர் நிறைவு செய்யவில்லை. மதுவிடுதிகள் ஞாயிறன்று மூடியவுடன் தனிமன்றங்கள் பெருகின. அவை சட்டத்துக்குள் வாரா. எல்லையோரத்தார் இங்கிலாந்துக்குள் நடந்து சென்று குடித்துத் திரும்பினர். 1961-க்குப்பின் வட்டாரந்தோறும் வாக்கெடுப்பு நடத்தி அவ்விலக்கைக் கைவிட்டனர். கடைசி வட்டாரம் 1996-இல் கைவிட்டது.

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரம். காந்தி ஜயந்தி இரு மாநிலத்துக்கும் பொது. திருவள்ளுவர் நாளும் வள்ளலார் நாளும் நம் மாநிலம் வகுத்தவை. கோடு தாண்டினால் வேறு விதி. கோட்டைத் தாண்டாதோர் முந்தையநாளே வாங்கி வைத்துக்கொள்கின்றனர். அதுவும் தவறினோர்க்கு மறைவில் கூடுதல் விலைக்கு விற்போர் உளர்.

இதனினும் கொடியது கள்ளச்சாராயம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நிகழ்ந்த மரணங்கள் மறக்கத்தக்கன அல்ல. கள்ளக்குறிச்சி நிகழ்வில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். ஆண்டு முழுதும் கடை திறந்திருந்த காலத்திலேயே அது நிகழ்ந்தது. ஆகவே, கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், திறந்தால் ஒழியும் என்னும் வாதம் முழுமையன்று. மலிவை நாடும் ஏழைக்கும் சட்டத்தை மீறும் வணிகனுக்கும் இடையேயுள்ள வழியைப் பூட்டும் அடைப்பதில்லை; திறவுகோலும் அடைப்பதில்லை.

இவ்வளவும் கூறியபின், எட்டு நாள் பூட்டு பயனற்றதென்று முடிவுகட்டிவிடலாமா? அச்சிறுவனின் நாள்காட்டி அங்ஙனம் முடிக்க விடுவதில்லை. எட்டு மாலைகளில் அவன் வீட்டில் கூலிப்பணம் முழுதாக வந்து சேர்ந்தது. எட்டு இரவுகளில் அவன் அச்சமின்றி உறங்கினான். நியமத்தின் பயன் சிறிதாயினும் பயனே என்பது நம் ஆசாரியர் வகுத்த நெறி. நியமத்தின் நோக்கம் இயமத்துக்கு அழைத்துச் செல்வது என்பதும் அவர்களே வகுத்தது. அரசின் எட்டு நாள், அவ்வாறு எவரையும் எங்கும் அழைத்துச் செல்லாமல் ஆண்டுதோறும் அதே எட்டு நாளாகவே நின்றுவிடுகிறது. கதவைப் பூட்டலாம், வாயைப் பூட்டுவது வாய்க்குரியவன் செயல்.

நம் இல்லம்

இனி நம்மைப் பற்றி. இது எழுதத் தயங்கிய பகுதி.

ஏர் பிடித்தும் ஏடு எழுதியும் வாழ்ந்த நம் குடும்பங்களின் மக்கள் இன்று சென்னையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒரகடத்திலும் பெங்களூரிலும் பணிபுரிகின்றனர். மாலைக்குள் உண்டு முடிக்கும் வழக்கம் இரவுப் பணியில் தளர்வதை நாம் பொறுத்துக்கொண்டோம். அது காலத்தின் கட்டாயம். மூன்று மகாரங்களுள் முதலாவதும் சில இளைஞரின் அறைக்குள் நுழைந்துவிட்டது என்பதைக் கட்டாயம் எனக் கூறிவிட முடியாது. உடன் பணிபுரிவோரின் வார இறுதி விருந்தில் மறுத்தால் ஒதுக்கப்படுவோம் என்ற கூச்சம் அதற்கு வழிதிறக்கிறது. நம் முன்னோர் ஊன் மறுத்ததற்காக எத்தனை பந்திகளில் தனித்து அமர்ந்தனர்! அவர்கள் கூச்சப்பட்டிருந்தால் நாம் இன்று இம்மலரை வாசித்துக் கொண்டிருக்க மாட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் இல்லத் திருமணத்தின் முந்தையநாள் இரவு, மண்டபத்தின் மாடியறையில் கேட்ட சிரிப்பொலியின் காரணம் எனக்குப் புரிந்தது. மறுநாள் மகாவீரர் ஜயந்தி. அன்று கடை மூடியிருக்கும் என்று முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்திருந்தனர். பகவானின் திருநாளுக்காக அரசு பூட்டும் பூட்டை, பகவானின் அறத்தில் பிறந்தவர்களே முந்தையநாள் மாலை கடந்துவிட்டனர். மணவீட்டாரின் மனம் நோகுமே என எண்ணி நான் மாடியேறவில்லை. முப்பத்தைந்து ஆண்டு பிறர் பிள்ளைகளைக் கண்டித்த ஆசிரியன், தன் குடிப்பிள்ளைகளிடம் வாய் திறவாதிருந்தான். இன்றும் அதை எண்ணி வருந்துகிறேன். இக்கட்டுரை அவ்வாறு திறவாத வாயைக் காலந்தாழ்த்தித் திறக்கும் முயற்சி எனக் கொள்ளலாம்.

எனவே இம்மலர் வாயிலாக ஒரு சிறு வேண்டுகோள். அரசிடம் இன்னும் சில நாள்களைக் கேட்பது நல்லதே. ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பதும் நல்லதே. அதற்கு முன், நம் சிராவக இளைஞர் ஒவ்வொருவரிடமும் வீட்டுப் பெரியோர் ஒருமுறை அமர்ந்து, சினமின்றிப் பேசுதல் வேண்டும். வழுவியவர் இருப்பின் ஒதுக்க வேண்டா. முதலில் அட்டமி, சதுர்த்தசி என நியமமாகத் தொடங்கட்டும். பத்து நாள், ஒரு திங்கள், ஒரு பருவம் என அது வளரட்டும். ஆசாரியர் வகுத்த படிகள் ஏறுவதற்கே உள்ளன. வழுவாதவர், விருந்தில் தண்ணீர்க் குவளையை உயர்த்திப் பிடித்து, இது எங்கள் குடியறம் என்று கூசாது கூறட்டும்.

காட்டுப்பள்ளி என்னும் பெயரில் அமைந்த பள்ளி என்ற சொல், ஊரையும் உறைவிடத்தையும் குறிப்பதோடு, அருகநெறி முனிவர் தங்கிய இடத்தையும் தமிழில் குறித்தது. கற்பிக்கும் இடத்துக்குப் பள்ளி என்ற பெயர் நிலைத்ததில் நம் முனிவர்க்கும் பங்குண்டு. அத்தகைய ஒரு பள்ளியில்தான் அம்மாணவன் என்னை வினவினான். இன்று அவன் வளர்ந்து, அத்துறைமுகத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். சென்ற ஆண்டு மீஞ்சூர்ச் சந்தையில் கண்டபோது, “நான் தொடறதே இல்லீங்க ஐயா. எங்க வீட்ல நாள்காட்டியில வட்டம் போட வேண்டிய வேலை இல்ல” என்றான்.

நம் நூல் எதையும் அவன் ஓதியவன் அல்லன். இயமம் என்ற சொல்லும் அவன் செவியில் விழுந்திராது. ஆயினும் அவன் மேற்கொண்டிருப்பது அதுவே. மகாவீரர் யார் என்று அன்று அவன் கேட்டதற்கு, அவன் வாழ்வே விடையாயிற்று. அதே வினாவை நாளை நம் பேரக்குழந்தை நம்மிடம் கேட்கும். ஆண்டில் ஒருநாள் கடையை மூட வைத்தவர் என்பதோடு நம் விடை முடிந்துவிடலாகாது.

அறம் வளர்க!